மாலதி நீட்டிய நெற்றி

1

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு டோட்டோ வண்டி கத்திக்கொண்டே போனது. டோட்டோ என்றால் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி. கொல்கத்தாவில் நடக்கிறவனையும் விடாமல் இடிப்பதற்காகவே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் தலையில் ஸ்பீக்கரைக் கட்டி, "சனிக்கிழமை சாயங்காலம், டாக்குரியா ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மைதானம், நாட்டுப்பாட்டு மேளா, மாலதி தாசி பாடுகிறார்" என்று வண்டிக்காரன் வங்காளத்தில் அறிவித்தான். உடனே என் மருமகள் ஷுமோனா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஏம்மா சாத்துத?" என்றேன்.

"தூசி வருது மா."

ஷுமோனா வங்காளத்துப் பெண். தமிழை என்னிடம்தான் கற்றாள், அதனால் பேசுவது சுத்தமான தென்காசித் தமிழ். பொய் சொல்வதற்கு மட்டும் நான் கற்றுக்கொடுக்கவில்லை, அது அவளுக்குச் சரியாக வரவில்லை.

அவள் ஜன்னலைச் சாத்தியது எனக்காக. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு குளிர்காலமும் மாலதி பாடி முடித்ததும் மேடைக்குப் பின்னால் போய் அவளைப் பார்க்கிறவள் நான். போனால் வெறுமனே பார்த்துவிட்டு வருகிற வழக்கம் கிடையாது. அவள் நெற்றியில் குங்குமம் வைப்பேன். அவளும் அதற்காகவே நெற்றியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன தை மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். வருஷம் கழியட்டும், கழியட்டும் என்று எதற்கெடுத்தாலும் ஒரு சாக்கு இருந்தது. முதல் வருஷத் திதியும் இப்போது முடிந்து, அந்தச் சாக்கும் போயிற்று.

மேடைக்குப் பின்னால் போவதா, வேண்டாமா? ஊரில் இருக்கும் நீங்கள் இதென்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு அந்த வாரம் முழுக்க இது ஒன்றுதான் விஷயம்.

2

நாங்கள் அப்போது ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே பணிமனையில் சார்ஜ்மேன். கல்யாணமாகி இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த வங்காளம் "ஜோல்" ஒன்றுதான். ஜோல் என்றால் தண்ணீர். பால்காரனிடமும் அதையே சொல்லுவேன். அவன் ஊற்றியதும் அதுதான் என்பதால் குழப்பம் வரவில்லை.

குளிர்காலத்தில் ரயில்வே மைதானத்தில் விழா நடக்கும். ஒரு வருஷம் மாலதி வந்தாள். வெள்ளைச் சேலை, காலில் சலங்கை, கையில் ஒற்றைத் தந்தி போட்ட ஏக்தாரா. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. யாரையோ திட்டுகிறாள், அந்த யாரோ ஒளிந்துகொண்டிருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

"யாரைப் போட்டு இப்பிடி ஏசுதா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"சாமியத்தான்."

"நல்லா ஏசட்டும்" என்றேன். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பாட்டு முடிந்தால் நம் ஊரில் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இங்கே அப்படிக் கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் மேடைக்குப் பின்னால் போகிறார்கள். அங்கே தார்ப்பாய்க் கூடாரத்தில் பாடினவர் உட்கார்ந்து மண் கோப்பையில் டீ குடிப்பார். ஒருவர் காலைத் தொடுவார், ஒருவர் சந்தேஷ் இனிப்பு டப்பாவை நீட்டுவார், ஒருவர் "அந்த வரியை இன்னொரு தடவை" என்பார். பாடினவர் எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நானும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு போனேன்.

என் முறை வந்தது. எல்லாரும் ஏதோ கொடுக்கிறார்கள், என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் நெற்றியைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. நம் ஊர்ப் பெண்ணுக்கு எதிரே ஒருத்தி வெறும் நெற்றியோடு நின்றால் கை சும்மா இருக்குமா? இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் குங்குமச் சிமிழ் இருந்தது. திறந்தேன், மோதிர விரலால் தொட்டு நடு நெற்றியில் வைத்துவிட்டேன்.

கூடாரம் ஊமையாயிற்று. பக்கத்தில் நின்றவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்கு அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது.

"இது என்ன?" என்று மாலதி அவரிடம் கேட்டாள். அவர்கள் பேசியதெல்லாம் அவர் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எங்க ஊர் வழக்கம் அக்கா. வீட்டுக்கு வந்த பொம்பளய வெறும் நெத்தியா அனுப்ப மாட்டாங்க" என்று அவர் வங்காளத்தில் உளறினார். அப்புறம் எனக்குத் தமிழில் சொன்னார்: "மன்னிச்சிருங்கன்னு சொல்லுட்டி, சீக்கிரம்!"

மாலதி கூடாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நான் எங்கே இவ வீட்டுக்குப் போனேன்? இவதானே என் வீட்டுக்கு வந்திருக்கா" என்றாள். பிறகு சிரித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல் அத்தனையும் தெரிந்தது. என்னைப் பார்த்து, "மாத்ராஜி பௌ, அடுத்த வருஷமும் கொண்டு வா" என்றாள்.

பௌ என்றால் வீட்டுக்கு வந்த மருமகள். மதராஸ் மருமகள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பெயர் அது.

3

அவள் ஏன் வெள்ளைச் சேலை, கூடாரம் ஏன் ஊமையாயிற்று என்பதெல்லாம் எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவளோடு சேர்ந்து பாடிய அவள் புருஷன் அதற்கு முந்தியே இறந்திருந்தான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன்.

"நீ கேட்டியா? கேக்கதுக்கு முன்னாடி வெரலு போயிட்டே!"

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் எனக்குச் சாதகமாக ஒரு நியாயத்தைக் கண்டுபிடிக்க அது போதும். அவள் நெற்றி எப்படியோ போகட்டும், வைக்கிற கை என் கை. என் கை சுமங்கலிக் கை. அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே தப்பில்லை. அடுத்த வருஷம் சிமிழை எடுத்துக்கொண்டு நானே முதல் ஆளாகப் போனேன்.

அப்படியே ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்துபோயிற்று. நாங்கள் டாக்குரியாவுக்கு வந்த பிறகும் எந்த மைதானத்தில் மாலதி பாடினாலும் அதே முகங்கள். சுபீர் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். அவர் டீயிலிருந்து மாலதி ஒரு வாய் குடித்தாளாம், குடித்ததும் எல்லாரும் போட்டு உடைக்கிற அந்த மண் கோப்பையை உடைக்காமல் வீட்டில் வைத்திருக்கிறாராம். பாருல் என்று ஒரு டீச்சர். அவர் கைக்குழந்தையை மாலதி மடியில் வாங்கிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கப் பாடினாளாம். அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது, கதை மட்டும் இன்னும் மடியிலேயே இருக்கிறது. மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது யார் கதை பெரியது என்று இவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

"கோப்பை உங்க வீட்ல இருக்கு, அவங்க வாய் அங்கேயா இருக்கு?" என்று நான் சுபீரைச் சீண்டுவேன்.

"மாசிமா, உங்களுக்கு என்ன! நீங்க நெத்தியையே பிடிச்சு வச்சிருக்கீங்க" என்பார் அவர். மாசிமா என்றால் பெரியம்மா.

அது உண்மைதான். என்னைக் கண்டதும் மாலதி மற்றவர்களை ஒதுக்கிவிட்டு, "எங்கே என் சிவப்பு?" என்று கேட்பாள். சொன்னால் சிரிப்பீர்கள், வருஷம் முழுக்க நான் பெரிய மனுஷியாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். மற்ற நாளெல்லாம் மீன் வாங்காமல் மீன் சந்தையைக் கடந்து போகிற மதராஸிக் கிழவி.

4

அவர் போனதும் தென்காசியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். காரியங்கள் நடந்தன. எல்லாம் முடிந்து பார்த்தால் சாமி அலமாரியில் சிமிழ் இல்லை. யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில் திருநீற்றுக் கிண்ணம் இருந்தது. சரி என்று எடுத்துப் பூசிக்கொண்டேன்.

குடும்பப் பென்ஷனுக்காக அலிப்பூருக்கு அலைந்தோம். நான் இன்னாருடைய மனைவிதான் என்று கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்தார். என்னை அவருக்குத் தெரியாது. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவர் சொல்ல முடியாமல் போனதால் தெரியாதவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆபீஸில் ஒரு பையன், "நீங்க விடோவா?" என்று கேட்டு ஒரு கட்டத்தில் டிக் போட்டான். எனக்கு ஒரு வருஷம் பிடித்த வேலையை அவன் பேனா ஒரே கோட்டில் முடித்துவிட்டது.

வீட்டில் என் பேத்தி மிட்டு இருக்கிறாள், பதினைந்து வயது. வங்காளத்தில் அவன், அவள் என்று வினையில் வித்தியாசம் கிடையாது. அதனால் அவள் தமிழில் உலகத்தில் எல்லாரும் ஆண்பிள்ளைகள்.

"ஆச்சி, மாலதி பாட்டி உனக்கு வெயிட் பண்ணுவான். நீ போகும்தானே?"

"போகும், போகும். ஆட்டோ மாதிரி போகும்."

"ஜோக் வேண்டாம் ஆச்சி. போகுமா, போகாதா?"

என் மகனிடம் கேட்டேன். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யம்மா" என்றான். பிள்ளைகள் நம்மை மதிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவர்களால் ஒரு உபயோகமும் இல்லை.

கோமதி மதினிதான் நேராகப் பேசினாள். அவளும் தென்காசிப் பக்கம், ஹவுராவில் எங்களுக்கு எதிர்க் குவார்ட்டர்ஸ், இன்னும் அங்கேயே ஒரு வீட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து கல்யாண வீட்டில் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். குங்குமத் தட்டு அவள் பக்கம் வந்தால் தொடாமல் தலையை அசைத்து அடுத்தவளுக்கு அனுப்பிவிடுவாள்.

"ஏட்டி செல்லம்மா, போயிராத" என்றாள் போனில். "போனா அவ நெத்தியக் காட்டுவா. நீ என்ன செய்வ?"

"சிமிழே இல்ல மதினி. இல்லங்கேன், முடிஞ்சுது."

"இருந்தா வச்சிருவியோ?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அவளுக்கு என்ன வேணும்னாலும் இருக்கட்டும். ஒன் கை இப்ப அந்தக் கை இல்ல. தெரியும்லா?"

தெரியும். அந்த நியாயத்தைக் கண்டுபிடித்ததே நான்தான். என் கைக்கு ஒரு குறையும் இல்லை என்று அன்று எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொண்டேன்! இப்போது அதே நியாயம் திரும்பி என் பக்கம் விரலை நீட்டுகிறது. பகலில் இதெல்லாம் சும்மா என்று சிரிக்கிறேன். நானா சாமிக்குப் பயந்தவள்? சாமியை ஏசுகிறவள் பின்னால் போனவள். ஆனால் விரலிடம் போய் இதைச் சொன்னால் விரல் கேட்கமாட்டேன் என்கிறது. உங்களில் யாருக்காவது இதற்கு மருந்து தெரிந்தால் சொல்லுங்கள், சுபீர் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

5

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து வந்துவிடுவேன். மிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் துணையாகத்தான் என்று நினைத்தேன். தப்பி ஓடாமல் பிடித்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

மாலதி நாற்காலியில் உட்கார்ந்து பாடினாள். சலங்கையைக் காலில் கட்டாமல் கையில் வைத்துத் தட்டினாள். குரல் மேலே போகிற இடத்தில் பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வரியில் அவளுக்கு மூச்சு நின்றுபோய், வாயைத் திறந்தபடியே சிரித்தாள், கூட்டமும் சிரித்தது. நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அந்த வரியை அவள் முடிக்கிறாளா என்று தெரியாமல் எப்படி எழுந்திருப்பது? முடித்தாள். அதற்குள் கடைசிப் பாட்டும் முடிந்துவிட்டது.

"மாசிமா!" சுபீர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "எங்கே ஒளிஞ்சிருக்கீங்க? வரிசை அந்தப் பக்கம்!"

"முழங்கால் வலி சுபீர், நான் வீட்டுக்கு…"

"ஆச்சிக்கு முழங்கால் நல்லா இருக்கான்" என்றாள் மிட்டு.

மேடைக்குப் பின்னால் இப்போது மூங்கில் தடுப்பு போட்டிருக்கிறார்கள். சட்டையில் அட்டை மாட்டிய ஒருவர் இரண்டு இரண்டு பேராக உள்ளே விட்டார். டீ பேப்பர்க் கப்பில் வந்தது. எல்லார் கையிலும் ஃபோன். ஆனால் பாருல் டீச்சர் தன் மடிக் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் நான் முன்னால் வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

"மாத்ராஜி பௌ!" என்றாள் மாலதி. "எங்கே என் சிவப்பு?"

நெற்றியை நீட்டினாள். எனக்கு இத்தனை வருஷம் சேர்த்த வங்காளம் அத்தனையும் போய், பழையபடி ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. "நேய்" என்றேன். இல்லை.

"இல்லையா? அதனால் என்ன மாசிமா, என்கிட்டே இருக்கு!" பாருல் டீச்சர் கைப்பையைத் திறந்து தன் சிந்தூர் டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். இந்த ஊர்ப் பெண்கள் வீட்டுச் சாவியை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். என் சாக்கு அதோடு செத்துப்போயிற்று.

எல்லாரும் காத்திருந்தார்கள். சுபீர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். என் மோதிர விரல் டப்பாவை நோக்கிப் போனது. கொஞ்சம் போய் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. அது என் விரல்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

மாலதி நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தாள். திருநீறு.

"எப்போ?" என்று கேட்டாள்.

"போன வருஷம். மேளா முடிஞ்சப்புறம்."

"அந்த வேர்த்துக் கொட்டுற மனுஷனா?"

தலையை ஆட்டினேன். அவள் பாருலின் டப்பாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவரிடமே கொடுத்துவிட்டாள். பிறகு அந்தரத்தில் நின்ற என் விரலைப் பிடித்து இழுத்துத் தன் நடு நெற்றியில் வைத்து அழுத்தினாள். விரலில் ஒன்றும் இல்லை. அவள் நெற்றி வேர்வையில் குளிர்ந்திருந்தது.

சுபீரின் ஃபோன் பளிச்சென்று மின்னியது.

"ஆச்சு" என்றாள் மாலதி. என் கையை விட்டாள். "நகரு, பின்னால ஆள் நிக்குது."

நகர்ந்தேன். வேறு என்ன செய்ய?

6

மறுநாள் காலையில் மிட்டு ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். சுபீர் அந்தப் படத்தை ரசிகர் குரூப்பில் போட்டிருந்தார். கீழே வங்காளத்தில் எழுதியிருந்ததை மிட்டு வாசித்தாள்: "எல்லா வருஷமும் போல, மாசிமாவின் குங்குமம்." பாராட்டி நாற்பது ஐம்பது கை கூப்பல்கள். படத்தில் மாலதியின் கண் மூடியிருக்கிறது. என் விரல் அவள் நெற்றியில் இருக்கிறது. விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்தப் படம் சொல்லும்?

அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். பாருலுக்குத் தெரியும், சுபீருக்கும் தெரியும். தெரிந்தே அப்படி எழுதியிருக்கிறார். படம் அங்கிருந்து தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் குரூப்புக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. மிட்டு ஃபோனைத் தடவுகிற வேகத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். நான் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது கோமதி மதினியின் போன் வந்தது.

"என்னட்டி, வச்சுட்டியாமே!"

"இல்ல மதினி. வெறும் வெரலு."

"படத்துல பாத்தேன்லா! சங்கம் பூராப் பாத்துட்டு."

"சத்தியமா மதினி. ஒண்ணும் தொடல. அவளாத்தான் எங் கையப் பிடிச்சு…"

"ஆமா, பச்சப்புள்ள, கையப் பிடிச்சு இழுத்துட்டா! போவாதன்னு சொன்னனா இல்லியா? இனி ஒருத்தி ரெண்டு பேரு வாயவா அடைக்க முடியும்? ஊருக்கும் தெரிஞ்சிரும். ஒன் நாத்தனா போன் போட்டு என்னய ஏசுவா."

உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வைக்கவில்லை, வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, விரல் நின்றுவிட்டது என்று இன்னொரு தடவையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் நெற்றியை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. இதைத்தான் நான் என் நல்ல பெயருக்குச் சாட்சியாக இவளிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். அரிசித் தண்ணீர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுட்டி, வச்சியா இல்லியா?"

"ஆமா மதினி" என்றேன். "வச்சேன்."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லோக்கல் ரயில் போவது மட்டும் கேட்டது. அது போய் முடிந்த பிறகு மெதுவாக, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கேட்டாள்.

"கை நடுங்கலியாட்டி?"

"நடுங்குச்சு மதினி."